டென்மார்க்ல ஓர்ஹூஸ் போறீங்களா? நாலு நாளுக்கான முழு வழிகாட்டி

டென்மார்க் வர்றவங்க பெரும்பாலும் கோபன்ஹேகனோட நிறுத்திக்கறாங்க, இல்லன்னா காலைல ரயில் ஏறி ஓர்ஹூஸ் வந்து ஒரு மியூசியத்த மட்டும் பாத்துட்டு சாயங்காலமே திரும்பிடறாங்க. எனக்கு அது மனசே ஆறாது. நான் இங்க நாலு வருஷமா இருக்கேன், ஊர்ல இருந்து வந்த அத்தை மாமா, கூடப் படிச்சவங்க, தம்பியோட ஃப்ரெண்ட்ஸ்னு நிறைய பேர கூட்டிக்கிட்டு சுத்தியிருக்கேன், அத வெச்சு சொல்றேன், இந்த ஊருக்கு நாலு நாள் குடுங்க. காலைல மியூசியம், மத்தியானம் காட்டுக்குள்ள நடை, சாயங்காலம் கடல்ல ஒரு முங்கு, ராத்திரி ஆத்தங்கரைல சாப்பாடு, இது எல்லாமே ஒரே நாள்ல காரே இல்லாம முடியற பெரிய ஊர் ரொம்ப கம்மி.

பேர முதல்ல சரியா சொல்லிப் பழகிக்கங்க. எழுத்த பாத்தா ஆர்ஹஸ்னு படிக்கத் தோணும், இங்க உள்ளவங்க சொல்றது ஓர்ஹூஸ். வைக்கிங் காலத்துல அரோஸ், அப்படின்னா ஆத்து வாய், ஆறு போய் கடல்ல கலக்கற இடம். ஜூட்லாண்ட் தீபகற்பத்தோட கிழக்குக் கரைல இருக்கு, டென்மார்க்லயே ரெண்டாவது பெரிய ஊர், 2017ல ஐரோப்பாவோட கலாசாரத் தலைநகரா இருந்துச்சு. 1928ல ஆரம்பிச்ச யூனிவர்சிட்டி இருக்கறதால ஊர் முழுக்க இளவட்டம்தான், அந்தக் கலகலப்பு எப்பவும் இருக்கும். இன்னொண்ணு, காத்தாலை செய்யற வெஸ்டாஸ் கம்பெனியோட தலைமை அலுவலகம் இங்கதான், அவங்களுக்கு சென்னைலயும் ஆபீஸ் இருக்கறதால பஸ்ல உக்காந்திருக்கப்ப பின்னாடி சீட்ல தமிழ் கேட்டா ஆச்சரியப்படாதீங்க.

படி 1: மாசத்த முடிவு பண்ணுங்க

மத்த எல்லாத்துக்கும் முன்னாடி இதுதான். மே நடுவுல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும் வாங்க. ஜூன்ல ராத்திரி பத்து மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும், காலைல நாலரைக்கெல்லாம் விடிஞ்சிரும், அதனால ஒரு நாள்ல ஒன்றரை நாள் வேலைய முடிக்கலாம். ஜூன் 23 ராத்திரி சங்த் ஹான்ஸ்னு ஒரு பண்டிகை, கடற்கரையெல்லாம் பெரிய நெருப்பு மூட்டி சுத்தி நின்னு பாடுவாங்க, போகி மாதிரின்னு சொல்ல முடியாது ஆனா அந்த சூடும் கூட்டமும் பாத்தா நம்ம ஊர் ஞாபகம் வந்துரும். ஆகஸ்ட் கடைசி வெள்ளில ஆரம்பிச்சு பத்து நாள் ஓர்ஹூஸ் ஃபெஸ்டுய நடக்கும், 1965ல இருந்து நடக்கற திருவிழா, தெருவெல்லாம் மேடை, இசை, கண்காட்சி, பாதிக்கு மேல இலவசமாவே பாத்துரலாம். நான் சொல்லக்கூடிய ஒரே சிறந்த வாரம்னா அதுதான், ஆனா ரூம் மூணு நாலு மாசம் முன்னாடியே போட்டுரணும்.

டிசம்பர்ல எங்கம்மாவ வரவெச்சேன், லீவு அப்பதான் கிடைச்சுது. சாயங்காலம் மூணரைக்கு இருட்டிருச்சு, அம்மா ஜன்னல் கிட்டயே உக்காந்துகிட்டு எப்ப விடியும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ரெண்டு வாரத்துல வானம் தெளிஞ்சது மூணே நாள். கிறிஸ்துமஸ் விளக்கும் கடைத்தெருவும் அழகுதான், பெரியவங்கள கூட்டிட்டு வர்றதா இருந்தா மட்டும் அந்த மாசம் வேண்டாம்.

எந்த மாசம் வந்தாலும் காத்து உண்டு. குடை இங்க வேலைக்கு ஆகாது, பிடுங்கிட்டுப் போயிரும். தொப்பி வெச்ச மழை ஜாக்கெட் ஒண்ணு, உள்ள ஒரு ஸ்வெட்டர், நனைஞ்சாலும் காயற ஷூ, இது ஜூலைக்கும் சேத்துதான் சொல்றேன்.

படி 2: விசா, பணம்

இந்திய பாஸ்போர்ட்னா ஷெங்கன் விசா வேணும், ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவான விசா அது. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியில இருந்தே விண்ணப்பிக்கலாம், பெரியவங்களுக்கு கட்டணம் 90 யூரோ, அதுக்கு மேல விண்ணப்ப மையத்தோட சேவைக் கட்டணம் தனி. இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். எந்த நாட்டுல அதிக நாள் தங்கறீங்களோ அந்த நாட்டுல போடணும்ங்கறத மறக்காதீங்க, ஜெர்மனி ஸ்வீடன்லாம் சேத்து வர்றவங்க இங்கதான் குழப்பிக்கறாங்க.

காசு டேனிஷ் குரோன, யூரோ இல்ல. ஒரு யூரோவுக்கு கிட்டத்தட்ட ஏழரை குரோன, அது பெருசா மாறாது. கார்டு எல்லா இடத்துலயும் செல்லும், தெருவுல ஹாட்டாக் விக்கற வண்டில கூட செல்லும், நோட்டு மாத்தி எடுத்துக்கிட்டு வரவே தேவையில்ல. இங்க எல்லாரும் மொபைல்பேனு ஒரு ஆப்ல காசு அனுப்புவாங்க, அதுக்கு இந்த ஊர் வங்கிக் கணக்கு வேணும், வெளியூர்க்காரங்களுக்கு சரிப்படாது, கார்டு ரெண்டா வெச்சுக்கங்க.

படி 3: எப்படி வந்து சேர்றது

கோபன்ஹேகன் ஏர்போர்ட்ல இறங்கி அங்கேயே ரயில் ஏறிரலாம், சுமார் மூணு மூணரை மணி நேரம். சில ரயில் நேரா வரும், சிலதுக்கு நகரத்துல மாறணும். டிஎஸ்பிங்கற ரயில் கம்பெனியோட ஆப்ல முன்கூட்டியே பாத்தா ஆரஞ்சு டிக்கெட்னு ஒண்ணு கிடைக்கும், சாதா விலையில பாதிக்கும் கீழயே சில நேரம் மாட்டும், ஆனா அந்த ரயில்ல மட்டும்தான் செல்லும், ஃப்ளைட் லேட்டானா போச்சு, அதனால இறங்கற நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவுல ரெண்டரை மணி நேரமாவது விடுங்க. சீட் ரிசர்வேஷன் தனியா போடணும், வெள்ளிக்கிழமையும் ஞாயிறும் அது இல்லாம ஏறாதீங்க, வாசல் பக்கம் பெட்டி மேல உக்காந்துதான் வரணும். வழில ஸ்டோரபெல்ட்னு ஒரு கடல் நீரிணைய கடக்கும், 18 கிலோமீட்டர், பாதி கடலுக்கு அடியில சுரங்கம், பாதி பாலம், சுரங்கத்துல இருந்து வெளிய வந்ததும் ரெண்டு பக்கமும் தண்ணி, அந்த நேரத்துல போன பையில வெச்சுட்டு ஜன்னல பாருங்க.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. கோபன்ஹேகன்ல இருந்து பஸ், பஸ்ஸோட வேகக் கப்பல்ல ஏறி நேரா ஓர்ஹூஸ் துறைமுகத்துல இறங்கறது, கடல்ல மட்டும் ஒண்ணேகால் மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. விலையும் கம்மி. ஊரோட முகத்த முதல் தடவை கடல் பக்கத்துல இருந்து பாக்கறது தனி. பில்லுண்ட் ஏர்போர்ட் வழியா வந்தா அங்க இருந்து பஸ் இருக்கு, லெகோலாண்ட் அங்கதான், குழந்தைங்க இருந்தா ஒரு நாள் அங்க நிறுத்திட்டு வரலாம்.

ஊருக்குள்ள வந்ததும் ரைஸபிளானன் ஆப் போட்டுக்கங்க, எந்த பஸ் எத்தனை மணிக்குன்னு அது சொல்லிரும். மஞ்சள் பஸ்ஸும் லைட் ரயிலும் ஒரே டிக்கெட். டிக்கெட்டுக்கு ரைஸகோர்ட் ஆப்ல போறதா இருந்தா ஏறும்போது செக் இன், இறங்கும்போது செக் அவுட், ரெண்டும் கட்டாயம். டிக்கெட் இல்லாம பிடிச்சா அபராதம் பெருசு, வெளியூர்க்காரன்னு சொல்லியெல்லாம் தப்ப முடியாது. கீழ சொல்லப்போற மியூசியம் மூணும் பாக்கறதா இருந்தா ஓர்ஹூஸ் கார்டு கணக்குப் போட்டுப் பாருங்க, மியூசியமும் பஸ்ஸும் சேந்தது.

படி 4: எங்க தங்கறது

ஸ்டேஷனுக்கும் பெரிய சர்ச்சுக்கும் நடுவுல எங்க கிடைச்சாலும் எடுங்க, நடந்தே எல்லாம் முடியும். கம்மி விலைன்னா கேபின்னு ஒரு ஹோட்டல், ரூம் கப்பல் அறை மாதிரி சின்னதா இருக்கும், ஆனா ஆத்துக்குப் பக்கத்துல. இன்னும் கம்மிக்கு ரிஸ்ஸ்கோவ் காட்டுக்குள்ள ஹாஸ்டல் இருக்கு, காலைல எழுந்து மரத்துக்கு நடுவுல பத்து நிமிஷம் நடந்தா கடல், டவுனுக்கு பஸ். ஃப்ரெடெரிக்ஸ்பியேர் பகுதில வீடு வாடகைக்கு கிடைச்சா யோசிக்காம போடுங்க, ஏன்னு சாப்பாட்டுப் பகுதில சொல்றேன்.

படி 5: முதல் நாள், ஊர் நடை

அசதியோட வந்திருப்பீங்க, டிக்கெட் வாங்கற எதையும் முதல் நாள் வெச்சுக்காதீங்க. ஸ்டேஷன்ல இருந்து ஆரம்பிங்க, எதிர்ல கொஞ்சம் நடந்தா நகர மண்டபம், 1941ல திறந்தது, ஆர்ன யாகப்சனும் எரிக் மோலரும் வடிவமைச்சது. அவங்க முதல்ல கோபுரமே வெக்கல, ஜனங்க கோபுரம் இல்லாம இது என்ன நகர மண்டபம்னு சண்டை போட்டு, அப்புறம்தான் 60 மீட்டர்ல ஒண்ணு வந்துச்சு. சாம்பல் பளிங்கு, வெளிய பாத்தா பிடிக்கலாம் பிடிக்காமலும் போகலாம், உள்ள போய் படிக்கட்டும் கைப்பிடியும் பாருங்க, அப்பதான் அதோட அருமை தெரியும்.

அங்க இருந்து கடைத்தெரு வழியா ஆத்துக்கு வாங்க. இந்த ஆத்த 1930கள்ல மூடி மேல ரோடு போட்டுட்டாங்க, கார் ஓட. பல வருஷம் கழிச்சு அந்த ரோட்டப் பேத்து எடுத்து ஆத்த மறுபடி வெளிய கொண்டு வந்தாங்க. இப்ப அதோட ரெண்டு கரையும்தான் ஊரோட உயிர், வெயில் அடிச்சா படிக்கட்டுல இடம் கிடைக்காது. நம்ம கூவத்தையும் வைகையையும் நினைச்சுக்கிட்டு நான் அங்க எத்தனையோ சாயங்காலம் உக்காந்திருக்கேன். ஆத்த ஒட்டி மேற்கால நடந்தா மோல்லஸ்தீன்னு ஒரு குட்டித் தெரு, கூழாங்கல் பாதை, சாஞ்ச சின்ன வீடுங்க, ஜூலைல சுவரோரமா ஆளுயரத்துக்கு ஹாலிஹாக் பூ. அங்க ஜனங்க குடியிருக்காங்க, ஜன்னலுக்குள்ள கேமராவ நீட்டாதீங்க.

திரும்பி வந்தா பெரிய சர்ச், டென்மார்க்லயே நீளமானதும் உயரமானதும் இதுதான், நீளம் 93 மீட்டர், கோபுரம் 96 மீட்டர். உள்ள சுவர்ல பழைய ஓவியம் நிறைய, 1479ல செஞ்ச பலிபீடம் இருக்கு. ஆனா ரெண்டுல ஒண்ணுதான் பாக்க நேரம்னா ஐஞ்சு நிமிஷ நடைல இருக்கற வோர் ஃப்ரூ சர்ச்சுக்குப் போங்க, அதோட தரைக்குக் கீழ 1060 வாக்குல கட்டின ஒரு சின்ன கல் சர்ச் இருக்கு, 1950கள்ல பழுது பாக்கும்போது கண்டுபிடிச்சது. தலை குனிஞ்சு இறங்கணும், உள்ள குளிர்ச்சியா, அரை இருட்டா, பழைய கோயில் கருவறை மாதிரி ஒரு அமைதி. இத சுத்தி இருக்கற சந்துகள்தான் லத்தீன் குவார்ட்டர், வழி தப்பித் திரிய வேண்டிய இடம், வரைபடம் வேண்டாம்.

சாயங்காலம் துறைமுகத்துக்கு வந்து டொக்கென் போங்க. 2015ல திறந்த பொது நூலகம், ஸ்கேண்டிநேவியாவுலயே பெருசு, அடுத்த வருஷமே உலகத்தோட சிறந்த பொது நூலகம்னு விருது வாங்கிச்சு. நூலகத்த போய் என்னத்த பாக்கறதுன்னு நினைக்காதீங்க. நடுவுல படிக்கட்டு கிட்ட மேல இருந்து ஒரு பெரிய குழாய் மணி தொங்குது, மூணு டன் எடை. ஊர் ஆஸ்பத்திரில ஒரு குழந்தை பிறந்ததும் பெத்தவங்க அங்க இருக்கற பட்டன அமுக்கினா இங்க இந்த மணி அடிக்கும். நான் ஒரு தடவை வேலை பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், அடிச்சுது, அடி வயித்துல அதிர்ற மாதிரி ஒரே ஒரு ஓசை, பக்கத்து டேபிள்ல செஸ் ஆடிக்கிட்டிருந்த ரெண்டு தாத்தாவும் காய கைல வெச்சுக்கிட்டே நிமிந்து பாத்து சிரிச்சாங்க, அப்புறம் ஆட்டத்துக்குத் திரும்பிட்டாங்க. அதுக்காகவே அரை மணி நேரம் அங்க உக்காருங்க, அடிச்சா உங்க அதிர்ஷ்டம்.

தெம்பு இருந்தா சாலிங் டிபார்ட்மென்ட் ஸ்டோரோட மொட்டை மாடிக்கு லிஃப்ட்ல போங்க, இலவசம், ஊரும் வளைகுடாவும் தெரியும்.

படி 6: ரெண்டாவது நாள், ரெண்டு மியூசியம்

காலைல முதல் வேலையா ஆரோஸ் கலை மியூசியம். திங்கட்கிழமைல மியூசியங்க மூடியிருக்கறது வழக்கம், தேதி பாத்துட்டு போங்க. ஊர்ல எங்க நின்னாலும் தெரியற வானவில் வளையம் இதோட கூரை மேலதான் இருக்கு, ஒலாஃபர் எலியாசன் 2011ல செஞ்சது, 150 மீட்டர் சுத்தளவு, வட்டமா வண்ணக் கண்ணாடிக்கு நடுவுல நடக்கற பாதை. இங்க ஒரு சின்ன விஷயம், எல்லாரும் ஃபோட்டோ எடுத்துக்கிட்டே ஐஞ்சு நிமிஷத்துல சுத்திருவாங்க. நீங்க மெதுவா, ரெண்டு சுத்து வாங்க. சிவப்புல கொஞ்ச நேரம் நின்னுட்டு பச்சைக்கு வந்தா அந்தப் பச்சை கண்ணுக்கு வேற மாதிரி அடிக்கும், கீழ இருக்கற அதே சர்ச் கோபுரம் ஒரு இடத்துல வெயில்ல காயற மாதிரியும் இன்னொரு இடத்துல தண்ணிக்குள்ள இருக்கற மாதிரியும் தெரியும். காலைல திறந்த உடனே போனா கூட்டம் இருக்காது.

உள்ள ரான் மியூக் செஞ்ச பையன் சிலை, குத்துக்கால் போட்டு உக்காந்திருக்கான், அப்படியே கிட்டத்தட்ட ஐஞ்சு மீட்டர் உயரம். முட்டில தோல் சுருக்கம், கால் நகம், கண்ணுல இருக்கற பயம், எல்லாம் நிஜம். பின்பக்கம் போய் முதுகெலும்ப பாருங்க.

மத்தியானம் சாப்ட்டுட்டு டென் காம்லே பூ. கடைசி சொல் நம்ம பூ மாதிரிதான் காதுல விழும், அர்த்தம் பழைய ஊர். டென்மார்க் முழுக்க பல ஊர்ல இருந்து பழைய வீடுகள பிரிச்சு எடுத்துட்டு வந்து மறுபடி இங்க கட்டியிருக்காங்க, எழுபதுக்கு மேல வீடு. ஒரு பக்கம் குழந்தைக் கதை எழுதின ஆண்டர்சன் காலத்து ஊர், அடுத்து 1927, அடுத்து 1974. பழங்கால வீட்டுல சமையக்காரம்மா நிஜமாவே அடுப்பு மூட்டி சமைச்சுக்கிட்டிருப்பாங்க, கேட்டா கதை சொல்லுவாங்க. எனக்கு 1974 பகுதிதான் மனசுல நிக்குது, அடுக்குமாடி வீட்டுக்குள்ள போகலாம், அப்ப வேலைக்கு வந்த துருக்கி ஆளுங்க தங்கின ரூமும் ஒண்ணு அப்படியே வெச்சிருக்காங்க. வேலைக்காக ஊர விட்டு வந்தவன் எவனுக்கும் அந்த ரூம் வாசல்ல கால் நின்னுரும். மூணு மணி நேரம் குறைஞ்சது வேணும். ஒட்டியே தாவரவியல் பூங்கா, கண்ணாடி வீடு இலவசம், வெப்ப மண்டல குவிமாடத்துக்குள்ள போனதும் மூக்குல ஏற்ற அந்த ஈரச் சூடு ஒரு நிமிஷம் ஊருக்கே கொண்டு போயிரும்.

ஆரோஸ், டென் காம்லே பூ, நாளைக்குப் போகப்போற மோஸ்கோர், மூணுலயும் 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு டிக்கெட் இல்ல. பெரியவங்களுக்கு ஒவ்வொண்ணும் 150ல இருந்து 200 குரோன பக்கம் வரும்.

படி 7: மூணாவது நாள், மோஸ்கோர், காடு, கடல்

ஒரே ஒரு நாள்தான் இருக்குன்னு யாராவது கேட்டா நான் அனுப்பறது இங்கதான். 18ம் நம்பர் பஸ், டவுன்ல இருந்து தெற்கால அரை மணி நேரத்துக்குள்ள. மியூசியம் 2014ல திறந்தது, கூரையே சாய்வா தரைல இருந்து எழும்பற புல்வெளி, மேல ஏறி நடக்கலாம், உக்காந்து சாப்பிடலாம், பனி விழுந்தா குழந்தைங்க சறுக்குவாங்க. உள்ள இறங்கும்போதே படிக்கட்டுல லூசிங்கற மனுஷ மூதாதைல இருந்து ஆரம்பிச்சு ஆதி மனுஷங்க உங்களுக்கு சமமா நின்னுக்கிட்டிருப்பாங்க.

அப்புறம் கிரௌபல்ல மனுஷன். 1952ல சதுப்பு நிலத்துல கரி மண் வெட்டறவங்க கண்டெடுத்த உடம்பு, 2,300 வருஷப் பழசு, கழுத்த அறுத்து சதுப்புக்குள்ள போட்டிருக்காங்க, பலியா இருக்கும்னு சொல்றாங்க. சதுப்போட அமிலம் தோல பதப்படுத்தி வெச்சிருக்கு, முடி சிவந்து போயிருக்கு, விரல் நகம் அப்படியே இருக்கு, கைரேகை கூட எடுத்தாங்க. வயித்துல கடைசியா சாப்பிட்ட கஞ்சி இருந்துச்சு, தானியமும் காட்டு விதைகளும் சேத்து காய்ச்சினது. அந்த இடம் இருட்டா, சத்தமில்லாம வெச்சிருக்காங்க. நான் கையத்தான் பாத்துக்கிட்டே நின்னேன். கொஞ்சம் மடங்கின விரல், நம்ம வீட்டுப் பெரியவங்க தூங்கும்போது கை இருக்குமே அப்படி. சின்னக் குழந்தைங்கள கூட்டிட்டுப் போறவங்க முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

வெளிய வந்ததும் பஸ்ஸ பிடிச்சுத் திரும்பாதீங்க. மியூசியத்துக்குப் பின்னாடி இருந்து காட்டு வழியா கடலுக்கு பழங்காலப் பாதைன்னு ஒரு வட்டம் இருக்கு, சுமார் நாலு கிலோமீட்டர், வழில கற்கால சமாதி, மறுபடி கட்டின பழைய வீடு, ஒரு ஓடை, பீச் மரக் காடு. மே முதல் வாரத்துல பீச் மரம் துளிர் விடும்போது அந்தப் பச்சைய எப்படிச் சொல்றதுன்னு தெரியல, வெளிச்சமே இலைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். முடியற இடத்துல மோஸ்கோர் கடற்கரை, மணல், ஆழம் மெதுவா கூடும், குழந்தைங்களுக்கு நல்லது. ஜூலை கடைசில இங்க வைக்கிங் கூட்டம் நடக்கும், கூடாரம், குதிரை, வாள் சண்டை, கொல்லன் பட்டறைன்னு ஒரு சந்தை மாதிரி, தேதி ஒத்துப்போனா விடாதீங்க.

தெம்பு உள்ளவங்க அங்க இருந்து கரைய ஒட்டியே வடக்கால டவுன் பக்கம் நடங்க, சைக்கிள் இருந்தா இன்னும் நல்லது. முழுக்க காடும் கடலும்தான். வழில முடிவில்லாப் பாலம் வரும், கடல்ல வட்டமா போட்ட மரப் பாலம், 60 மீட்டர் விட்டம், பாதி மணல் மேல பாதி தண்ணி மேல. குளிர் காலத்துல கழட்டி வெச்சிருவாங்க, கோடைல மட்டும்தான். ஜனங்க அதுல இருந்து குதிப்பாங்க, நீச்சல் தெரிஞ்சா நீங்களும் குதிங்க, ஜூலைலயே தண்ணி 18 டிகிரி பக்கம்தான் இருக்கும், முதல்ல மூச்சு நிக்கும், முப்பது எண்ணறதுக்குள்ள உடம்பு பழகிரும். அந்தப் பக்கம்தான் மார்செலிஸ்போர் மான் பூங்காவும், வேலிக்குள்ள போய் நடக்கலாம், இலவசம். ரொட்டி போடாதீங்க, மானுக்கு அது ஆகாது, ஆப்பிள் கேரட் கொண்டு போங்க. பக்கத்துலயே ராஜ குடும்பத்தோட கோடை அரண்மனை, அவங்க இல்லாதப்ப தோட்டம் திறந்திருக்கும், இருக்கறப்ப மத்தியானம் 12 மணிக்கு காவலர் மாறறத பாக்கலாம்.

படி 8: நாலாவது நாள், ஊருக்கு வெளிய

என் சாய்ஸ் காலோ. எபெல்டோஃப்ட் போற 123ம் நம்பர் பஸ் ஏறி ரோன்ட பக்கம் இறங்கி நடக்கணும். கடலுக்குள்ள ஒரு சின்னத் தீவு, அதுக்குப் போக கிட்டத்தட்ட 500 மீட்டருக்கு மத்திய கால கல் பாதை, முடிவுல இடிஞ்ச கோட்டை. 1313ல எரிக் மென்வெட் ராஜா கட்டினது, அதுவும் எதிர்த்துக் கிளம்பின விவசாயிங்கள அடக்கறதுக்கு. பின்னாடி ஸ்வீடனுக்கே ராஜாவான குஸ்தாவ் வாசாவ இங்கதான் சிறை வெச்சாங்க, தப்பிச்சுப் போயிட்டார். காத்து அடிக்கும், காதுல துணி கட்டிக்கங்க. அங்க இருந்து மோல்ஸ் மலை தேசியப் பூங்கா, உச்சியே 137 மீட்டர்தான், நம்ம கணக்குல மேடுதான் அது, ஆனா மேல நின்னா மூணு பக்கமும் வளைகுடா தெரியும்.

மலை நடை வேண்டாம்னா ரயில்ல சில்கெபோர், ஏரியும் காடும், 1861ல இருந்து ஓடற நீராவிப் படகுல ஹிம்மெல்பியர் குன்றுக்குப் போகலாம், படகு கோடைல மட்டும். எங்கயும் போக வேண்டாம்னா துறைமுகத்துல இருக்கற குளியல் குளம், 2018ல திறந்தது, பியார்க இங்கெல்ஸ்ங்கற கட்டடக் கலைஞரோட கம்பெனி வடிவமைச்சது, இலவசம், கடல் தண்ணிலயே நீச்சல், சுத்தி புதுசா எழும்பின கட்டடங்க.

கார் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, மேற்கால பிராண்டங்கற சின்ன ஊர்ல அபிராமி அம்மன் கோயில் இருக்கு. 1980கள்ல போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர் நிறைய பேர் இந்த ஜூட்லாண்ட் ஊர்கள்லதான் குடியேறினாங்க.

சாப்பாடு

இத ஒரு படியா அடக்க முடியல. முதல்ல காலை. வார இறுதில எந்த பேக்கரிலயும் வரிசை நிக்கும், அந்த வரிசைல நில்லுங்க. கானெல்ஸ்னெய்ல், அதாவது பட்டை போட்ட சுருள், கசகசா அப்பின தேபியர்கெஸ், வெண்ணெய் பாளம் மாதிரி தடவின ரொட்டில சீஸ். கார்டமம் போட்ட பன் கிடைச்சா அத வாங்குங்க, நம்ம ஏலக்காய் இங்க பேக்கரிலதான் வாழுது.

மத்தியானம் ஸ்மோர்ப்ரோட். கருப்பு ரை ரொட்டி ஒரு துண்டு, வெண்ணெய், அது மேல ஏதாவது ஒண்ண மலையா அடுக்கி, கத்தி முள்கரண்டியோட சாப்பிடறது, கையால எடுக்கக்கூடாது. ஊற வெச்ச ஹெரிங் மீன்ல ஆரம்பிக்கறது முறை. சைவம்னா உருளைக்கிழங்கு வெச்சது கேளுங்க, வேக வெச்ச புது உருளை வட்டமா நறுக்கி, மேல மயோனைஸ், வெங்காயத்தாள் மாதிரி ஒரு பொடி இலை, மொறுமொறு வெங்காயம். ஜூன்ல சாம்ஸோ தீவோட புது உருளை வரும்போது இதச் சாப்பிட்டா உருளைக்கிழங்கு மேலயே மரியாதை வரும். மயோனைஸ்ல முட்டை உண்டு, வேண்டாம்னா சொல்லிருங்க.

தெருவுல ஹாட்டாக் வண்டி கண்டிப்பா ஒரு தடவை. வாட்டின சாசேஜ், கெச்சப், கடுகு, ரெமூலாட்னு மஞ்சளா ஒரு சாஸ், பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம், மேல வரிசையா இனிப்புப் புளிப்பு வெள்ளரி. கூட கோக்கியோன்னு கண்ணாடி பாட்டில் சாக்லேட் பால். சாசேஜ் பெரும்பாலும் பன்னிதான், சாப்பிடாதவங்க கேட்டு வாங்குங்க. தேசிய உணவும் பன்னிதான், மொறுமொறு பன்றி வயித்துக்கறியும் வெள்ளைச் சாஸ்ல பார்ஸ்லி போட்டதும், 2014ல ஜனங்களே ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுத்தது.

ராத்திரிக்கு பெரிய ஹோட்டல் கட்டுப்படியாகாது, ஆளுக்கு 250 குரோன சாதாரணமா போயிரும். ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரத்துல பழைய பஸ் கராஜ்ல ஓர்ஹூஸ் ஸ்ட்ரீட் ஃபுட் இருக்கு, நீள நீள மேசை, பல நாட்டுக் கடை, நூறு குரோன பக்கம் வயிறு நிறையும், சைவமும் உண்டு. நல்ல சாப்பாட்டுக்குன்னே சேத்து வெச்ச காசு இருந்தா இந்த ஊர் அதுக்கும் ஏத்தது, 2015ல இந்த ஊருக்கு முதல் முறையா மிஷ்லின் ஸ்டார் வந்துச்சு, ஃப்ரெடெரிக்ஸ்ஹோய், கஸ்ட்ரோமே, சுப்ஸ்டான்ஸ்னு மூணு இடத்துக்கு.

இப்ப ஃப்ரெடெரிக்ஸ்பியேர். ஸ்டேஷனுக்குத் தெற்கால இருக்கற இந்தப் பகுதில யேகர்கோர்ஸ்கேடன்னு ஒரு தெரு, அது முழுக்க சாப்பாடு, கறிக்கடை, சீஸ் கடை, காபி. புதனும் சனியும் காலைல இங்கர்ஸ்லெவ் பூலவார்டுல சந்தை, பூ, காய், மீன், தேன், பண்ணைக்காரங்களே விப்பாங்க. கோடைல ஸ்ட்ராபெரியும் தோலோட பச்சைப் பட்டாணியும் வாங்கி நடந்துக்கிட்டே உரிச்சுத் தின்னுங்க, அப்படித்தான் இங்க எல்லாரும் சாப்பிடறாங்க. சமைக்க மசாலா, கொத்தமல்லிக் கட்டு, பச்சை மிளகாய் வேணும்னா பிரப்ராண்ட் பக்கம் பஸார் வெஸ்ட், அரபிக் கடைங்க, ஃபலாஃபெல் விலையும் கம்மி ருசியும் அதிகம்.

ஹோட்டல்ல குழாய்த் தண்ணிக்கு கூட காசு போடுவாங்க சில இடத்துல, முதல்லயே கேளுங்க. சமையல் ஒம்பது மணியோட முடிஞ்சிரும், பத்து மணிக்கு வெளிச்சம் இருக்கேன்னு ஏமாந்துராதீங்க.

கடைசியா சில விஷயம்

சைக்கிள் பாதைல நிக்காதீங்க. நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற அந்தத் தடத்துல வேகமா வருவாங்க, பஸ்ல இருந்து இறங்கினதும் பல இடத்துல கால் வெக்கறதே அதுலதான், வலது இடது பாத்து இறங்குங்க. எங்கத்தைக்கு அப்படித்தான் ஒரு நாள் முட்டி பேந்துச்சு, அந்த சைக்கிள்காரப் பொண்ணு அழுதுக்கிட்டே கூடவே உக்காந்திருந்துச்சு.

ரயில்ல ஸ்டில்லேன்னு எழுதின பெட்டில பேசக்கூடாது, வீடியோ காலுக்கு வேற பெட்டி. டாக்னா நன்றி, ஹை சொன்னா வணக்கம், இந்த ரெண்ட வெச்சே நாலு நாள் ஓட்டிரலாம், மத்தபடி எல்லாருமே இங்கிலீஷ் பேசுவாங்க. வழி கேட்டா நின்னு நிதானமா சொல்லுவாங்க, தானா வந்து பேச்சு குடுக்க மாட்டாங்க, அது கோபம் இல்ல.

காலி பாட்டில், கேன் எதையும் எறியாதீங்க. வாங்கும்போதே பான்ட்னு ஒரு முன்பணம் சேத்து வாங்கியிருப்பாங்க, சின்னதுக்கு 1 குரோன, பெரிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 3 குரோன வரைக்கும். சூப்பர் மார்க்கெட் வாசல்ல இருக்கற மெஷின்ல போட்டா சீட்டு வரும், கவுன்டர்ல குடுத்தா காசு. கிளம்பற அன்னைக்கு பையில சேந்திருந்தா, ஸ்டேஷன் பக்கத்துல எந்தக் குப்பைத் தொட்டிய பாத்தாலும் அதுக்குன்னே ஓரத்துல ஒரு தட்டு இருக்கான்னு பாருங்க, அதுல வெச்சுட்டு ரயில் ஏறுங்க, தேவைப்படறவங்க யாராவது எடுத்துப்பாங்க.